மாணவரைப் பற்றி ஆசிரியர் இணையத்தில் கொட்டித் தீர்க்கலாமா? பேச்சுரிமை எதுவரை?

#1 கரும்பலகை

இந்த வாரம் முழுக்க எங்கள் ஸ்டாஃப் ரூம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. சக ஆசிரியை ஒருவர், தான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து "இதுக்கெல்லாம் மார்க் போடவா நான் இவ்வளவு படிச்சேன்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். பெயரும் எண்ணும் தெரியாதபடி வெட்டித்தான் போட்டார். ஆனால் கையெழுத்து இருக்கிறதே. வகுப்பாசிரியர் என்பதால் பெற்றோர் பலருடைய எண்கள் அவர் போனில் உண்டு, அவருடைய எண் அவர்களிடமும் உண்டு. ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார். அது வகுப்புப் பிள்ளைகளின் குழுவுக்குப் போனது. மறுநாள் பையனின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். தலைமையாசிரியர் மெமோ கொடுத்திருக்கிறார்.

அந்த ஆசிரியை கேட்பது இதுதான்: "என் போன், என் நேரம். பேர் போடலை, பொய் சொல்லலை. அப்புறம் எதுக்கு விளக்கம் கேக்கறாங்க? டீச்சர்னா பேச்சுரிமை கிடையாதா?"

நல்ல ஆசிரியர் இப்படிச் செய்ய மாட்டார் என்ற உபதேசம் வேண்டாம். அது இங்கே எல்லாருக்கும் தெரியும். உரிமை எங்கே முடிகிறது, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் என் கேள்வி.

#2 மூணாம்பீரியட்

என் ஓட்டு அந்த டீச்சருக்கு. எந்த வேலையில இருக்கறவங்க புலம்பாம இருக்காங்க? நர்ஸ் புலம்பறாங்க, பேங்க்ல கவுன்டர்ல உக்காந்திருக்கறவங்க புலம்பறாங்க, கஸ்டமர் கேர்ல இருக்கறவங்க தனியா பக்கமே நடத்தறாங்க. நாம மட்டும் மெழுகுவர்த்தியா உருகிக்கிட்டே சிரிக்கணும். அஞ்சாவது செட் பேப்பர் திருத்தறப்ப ராத்திரி பதினொரு மணிக்கு மனுசனுக்கு என்ன தோணும்னு அந்த அப்பாவுக்குத் தெரியுமா?

#3 சட்டக்கிறுக்கன்

கரும்பலகை கேட்ட கேள்வி கிட்டத்தட்ட அப்படியே ஒரு வழக்காக நடந்து முடிந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்தவர் நாட்டலி மன்ரோ. 2009 ஆகஸ்டில் ஒரு வலைப்பூ தொடங்கினார். 'நாட்டலி எம்.' என்று மட்டும் போட்டுக்கொண்டார். பள்ளியின் பெயர் கிடையாது, மாணவர் பெயரும் கிடையாது. மொத்தம் 84 பதிவுகள், அதில் பெரும்பகுதி குடும்பம், யோகா, பார்த்த படங்கள் என்று சொந்தக் கதை. சந்தாதாரர்கள் 9 பேர், அவரும் அவர் கணவரும் அதில் சேர்த்தி. ஆனால் கடவுச்சொல் போட்டுப் பூட்டவில்லை, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

2010 ஜனவரியில் ஒரு பதிவு போட்டார். ரிப்போர்ட் கார்டில் எழுத ஆசைப்பட்டும் எழுத முடியாத குறிப்புகளின் பட்டியல் அது. எலி மாதிரி இருக்கிறான், குப்பை அள்ளும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம் என்ற ரகம். ஓராண்டு யாரும் கவனிக்கவில்லை. 2011 பிப்ரவரியில் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். ஃபேஸ்புக்கில் பரவி, செய்தித் தொலைக்காட்சி வரை போனது. முதலில் இடைநீக்கம். பிறகு மகப்பேறு விடுப்பு முடிந்து அதே பள்ளிக்குத் திரும்பினார். எங்கள் பிள்ளையை அவர் வகுப்பில் போட வேண்டாம் என்று பெற்றோர் கேட்க, பள்ளி அனுமதித்தது. 2012-இல் வேலை போயிற்று. கற்பித்தல் திருப்தியாக இல்லை என்றது நிர்வாகம், பேசியதற்குப் பழிவாங்கல் என்றார் அவர்.

2015 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் உடன்படவில்லை. பெரும்பான்மை சொன்னது சுருக்கமாக இது: அந்தப் பதிவுகளில் பொதுநலன் சார்ந்த விஷயம் கொஞ்சம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், மாணவரோடும் பெற்றோரோடும் ஓர் ஆசிரியருக்கு இருக்க வேண்டிய நம்பிக்கை அதனால் குலைந்துவிட்டது, பள்ளியின் நடப்பும் குலைந்தது, ஆகவே அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமைப் பாதுகாப்பு இந்தப் பேச்சுக்கு இல்லை.

சொந்த நேரம், பெயர் போடாதது, ஒன்பதே வாசகர்கள். கரும்பலகையின் தோழி சொல்லும் காரணங்கள் அத்தனையும் மன்ரோவிடமும் இருந்தன. போதவில்லை.

#4 கடைசிபெஞ்ச்

நான் ஆசிரியர் இல்லை, படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டவன். பேர் போடலையே என்று எல்லாரும் அதை ஒரு நியாயமாகச் சொல்கிறீர்கள். மாணவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இன்னும் மோசம்.

பேர் போட்டால் ஒருத்தனுக்குத்தான் அடி. போடாவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் அது தன்னைத்தானோ என்று நினைப்பார்கள். அந்த எலி யார் என்று அந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் ராத்திரி யோசித்திருப்பார்கள்? யாரைச் சொன்னாரோ அந்தப் பையன் கண்டுகொள்ளாமல் கிரிக்கெட் ஆடப் போயிருப்பான். ஏற்கெனவே தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்தான் அது தானே என்று முடிவுகட்டியிருப்பாள்.

#5 மூணாம்பீரியட்

சரி. பசங்க எங்களப் பத்தி என்ன வேணா போடலாமா? போன வருசம் என் நடையை வீடியோ எடுத்து பின்னாடி மியூசிக் போட்டு ரீல் விட்டாங்க. நான் போர்டுல எழுதறப்ப பின்னாலேருந்து எடுத்தது. நிர்வாகத்துல சொன்னா, "சின்னப் பசங்க, விடுங்க மேடம்"னு பதில். அவங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

#6 சட்டக்கிறுக்கன்

மேடம், அந்த ரீல் விஷயத்தில் பள்ளி கைகழுவியது தவறுதான். வகுப்புக்குள் ஒருவரை அனுமதியில்லாமல் படமெடுத்துப் பரப்புவது பேச்சுரிமைக் கணக்கில் வராது.

ஆனால் இருவருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது என்பது உண்மை. இதே பென்சில்வேனியாவில் இன்னொரு வழக்கு. பள்ளியின் முதன்மை சியர்லீடர் குழுவில் இடம் கிடைக்காத மாணவி ஒருத்தி, வார விடுமுறையில் ஸ்நாப்சாட்டில் பள்ளியையும் அந்தக் குழுவையும் கெட்ட வார்த்தையில் திட்டிப் படம் போட்டாள். அவள் ஏற்கெனவே இருந்த இளநிலைக் குழுவிலிருந்தும் பள்ளி அவளை ஓராண்டுக்கு நீக்கியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் மாணவி பக்கம் நின்றது. பள்ளிக்கு வெளியே, பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு பிள்ளை பேசுவதையெல்லாம் பள்ளி தண்டிக்க ஆரம்பித்தால், 24 மணி நேரமும் அந்தப் பிள்ளைக்கு வாயே இல்லாமல் போய்விடும் என்ற கவலை அதில் இருந்தது.

அதாவது திட்டிய மாணவி ஜெயித்தாள், திட்டிய ஆசிரியை தோற்றார். பாரபட்சம் போலத் தெரியும். மாணவி தன்மேல் அதிகாரம் உள்ள அமைப்பைத் திட்டினாள். ஆசிரியை தன் அதிகாரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் திட்டினார். அந்தப் பிள்ளைகள் மறுநாள் அவரிடமே மார்க் வாங்க வேண்டும், சட்டப்படி பள்ளிக்கு வந்தே ஆகவும் வேண்டும். பேங்க் கஸ்டமருக்குப் பிடிக்காவிட்டால் வேறு பேங்குக்குப் போகலாம்.

#7 சாக்பீஸ்துண்டு

ஓய்வுபெற்றுச் சில காலம் ஆகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாங்களும் பேசியிருக்கிறோம். இதைவிட மோசமாகவே பேசியிருக்கிறோம். ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம், மணி அடித்ததும் அது அங்கேயே நின்றுவிடும். கேட்ட நாலு பேருக்கும் அந்தப் பையனைத் தெரியும். ஒருத்தர் திட்டினால் இன்னொருத்தர், "அவன் வீட்டு நிலைமை அப்படி சார்" என்பார். திட்டினவர் வாயடைத்துப் போவார். அடுத்த பீரியடில் அதே பையனைக் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு.

போனில் போட்டால் அந்தப் பதில் சொல்ல ஆள் இல்லை. கைதட்டத்தான் ஆள் இருக்கிறது. புலம்பல் தணிவதற்குப் பதிலாக ஏறுகிறது. சட்டம் அனுமதித்தாலும் இல்லாவிட்டாலும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

#8 அம்மாவும்டீச்சரும்

சாக்பீஸ் ஐயா சொன்ன ஸ்டாஃப் ரூம் இப்போது எங்கே இருக்கிறது? ஃப்ரீ பீரியட் என்றால் சப்ஸ்டிடியூஷன். மதியம் டேட்டா என்ட்ரி. ஸ்டாஃப் ரூமில் கேமரா. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் காதில் போய் ஓதுவார் என்று தெரியாது. வாய்விட்டுப் பேச ஆள் இல்லாமல்தான் பலர் போனில் கொட்டுகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஆசிரியர்கள் போடுகிற புலம்பலில் முக்கால்வாசி பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. உண்மையான கோபம் அதுவா? ஒரு வகுப்பில் இத்தனை பேரைத் திணித்தது யார்? எழுதத் தெரியாத பிள்ளையை வருஷா வருஷம் மேலே தள்ளிவிடச் சொன்னது யார்? ரிசல்ட் குறைந்தால் விளக்கம் கேட்பது யார்? அவர்களைப் பற்றி எழுதினால் மெமோ வரும். பையனைப் பற்றி எழுதினால் சிரிப்பு எமோஜி வரும். அதனால் கோபம் இளைத்தவன் தலையில் இறங்குகிறது.

#9 கரும்பலகை

இது நான் யோசிக்காத கோணம். அந்த விடைத்தாளில் இருந்தது எழுத்துக்கூட்டவே தெரியாத ஒரு பையனின் பதில். எட்டு வருஷம் அவனை யாரெல்லாம் மேலே அனுப்பினார்கள் என்று அந்த ஆசிரியை எழுதியிருந்தால்?

#10 சட்டக்கிறுக்கன்

எழுதியிருந்தால் சட்டத்தில் அவர் நிலை பலமாக இருந்திருக்கும். இந்தத் துறையில் தாய் வழக்கு என்று சொல்லத்தக்கது பிக்கரிங் வழக்கு. இல்லினாய் மாநிலத்தில் ஓர் ஆசிரியர், பள்ளி வாரியம் வரிப்பணத்தைக் கையாண்ட விதத்தைப் பற்றி, படிப்பைவிட விளையாட்டுக்குப் பணம் போகிறது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதில் சில தகவல்கள் தவறாகவும் இருந்தன. வேலையை விட்டு நீக்கினார்கள். 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தைத் தவறு என்றது. பள்ளியில் பணம் எப்படிச் செலவாகிறது என்பது ஊருக்கே உரிய கேள்வி, அதைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் ஆசிரியர்கள்தான், அவர்கள் பயமில்லாமல் பேச வேண்டும் என்பது வாதம்.

1983-இல் இன்னொரு தீர்ப்பு இதைக் குறுக்கியது: பேச்சு பொதுநலன் பற்றியதா, வெறும் சொந்த மனக்குறையா என்று பார்க்க வேண்டும். 2006-இல் மேலும் குறுகியது: வேலையின் ஒரு பகுதியாகப் பேசியதற்குப் பாதுகாப்பே இல்லை. இத்தனை குறுகிய பிறகும் பிக்கரிங் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நடைமுறையில் ஆசிரியர்கள் இதைத் தலைகீழாகவே செய்கிறோம் (நானும் முன்பு பாடம் எடுத்தவன்தான்). பாதுகாப்பு உள்ள பேச்சைப் பயந்து விழுங்கிவிட்டு, பாதுகாப்பு இல்லாத பேச்சை ஸ்டேட்டஸில் வைக்கிறோம்.

#11 மூணாம்பீரியட்

தலைகீழ்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மன்ரோ போட்ட பட்டியல் எதப் பத்தின்னு யாரும் பேச மாட்டேங்கறீங்க. ரிப்போர்ட் கார்டுல எழுத முடியாத குறிப்பு. அங்கதான் விஷயமே இருக்கு.

எங்க பள்ளியில ரிப்போர்ட் கார்டு சாஃப்ட்வேர்ல ஒரு பட்டியல் வரும். அதுலேருந்து ஒன்னு பொறுக்கணும். "ஆர்வமுடன் பங்கேற்கிறார்." "மேலும் முயன்றால் சிறப்பார்." "ஒத்துழைப்புடன் நடந்துகொள்கிறார்." அவ்வளவுதான். வருசம் முழுக்க ஒரு வரி எழுதாதவனுக்கும் இதுல ஒன்னுதான். நானா ஒரு வாக்கியம் டைப் பண்ணா கோஆர்டினேட்டர் கூப்பிட்டு, பேரன்ட்ஸ் மனசு நோகும், மாத்துங்கங்கறாங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்ல உண்மைய சொன்னா, "எங்க பையன் வீட்ல அப்படி இல்லையே"ங்கறாங்க. உண்மைய சொல்ற எல்லா வாசலையும் சாத்திட்டு, ஜன்னல் வழியா கத்தறான்னு குத்தம் சொன்னா எப்படி?

#12 கடைசிபெஞ்ச்

மேடம், இது நியாயமான பேச்சு. ஆனால் மன்ரோ எழுதியது அந்த உண்மை இல்லையே. "இவன் வீட்டுப்பாடம் செய்வதில்லை, இந்த அத்தியாயம் புரியவில்லை, உதவி தேவை" என்று எழுத விடவில்லை என்றால் அது குறை. எலி மாதிரி என்று எழுத விடவில்லை என்பது எந்தக் குறையில் சேரும்?

#13 மூணாம்பீரியட்

முதல் வாக்கியத்த பத்து தடவை விழுங்கினா பதினோராவது தடவை எலிதான் வரும். நியாயம்னு சொல்லல. இப்படித்தான் வருதுன்னு சொல்றேன்.

#14 வம்பன்

*[இந்தக் கருத்து நீக்கப்பட்டது]*

மட்டுறுத்துனர்: ஒரு குறிப்பிட்ட பள்ளி, ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் என்று அடையாளம் காட்டும் எதையும் இங்கே போட வேண்டாம். இழையின் தலைப்பையாவது ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள் ஐயா.

#15 அம்மாவும்டீச்சரும்

எல்லாப் பதிவுக்கும் வேலை போகுமா, இல்லை எச்சரிக்கையோடு விடுவார்களா? தண்டனையின் அளவு பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வரி எழுதியதற்கு ஒரு வாழ்க்கையையே முடக்குவதும் அநியாயம்தானே.

#16 சட்டக்கிறுக்கன்

அதற்கு இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நியூஜெர்சியில் முதல் வகுப்பு ஆசிரியை ஒருவர் 2011-இல் ஃபேஸ்புக்கில், தான் ஆசிரியை இல்லை, வருங்காலக் குற்றவாளிகளைக் காக்கும் சிறைக் காவலர் என்று எழுதினார். பிள்ளைகளுக்கு ஆறேழு வயது, அநேகமாக எல்லாரும் கறுப்பின, லத்தீன் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வேலை போனது. மேல்முறையீட்டிலும் 2013-இல் அது உறுதியானது.

நியூயார்க்கில் இன்னொருவர். வேறொரு பள்ளியின் மாணவி கடற்கரைச் சுற்றுலாவில் மூழ்கி இறந்த மறுநாள், தன் வகுப்பையும் கடற்கரைக்கு அழைத்துப் போகலாம் போலிருக்கிறது என்ற பொருளில் எழுதினார். படிக்கும்போதே உடம்பு கூசும். எழுதிய சில நாளில் நீக்கியும் விட்டார். வேலைநீக்கம் என்று தீர்ப்பானது, ஆனால் நீதிமன்றம் அதை அதிகப்படியான தண்டனை என்று ரத்து செய்தது. நீண்ட காலம் புகாரே இல்லாமல் வேலை பார்த்தவர், பதிவைப் பிள்ளைகளோ பெற்றோரோ பார்த்ததாகத் தெரியவில்லை, வகுப்பறையில் அவர் யாரையும் மோசமாக நடத்தியதாகவும் இல்லை என்பவை எடுபட்டன.

வார்த்தையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் கொடூரம். முடிவோ நேர்மாறு. பதிவு பிள்ளைகளைச் சென்று சேர்ந்ததா, எழுதியவர் அடுத்து என்ன செய்தார் என்பவைதான் எடையைக் கூட்டிக் குறைத்தன. முதலாமவர் விசாரணையில் பெரிதாக வருத்தம் காட்டவில்லை என்பதும் அவருக்கு எதிராகப் போனது.

#17 கரும்பலகை

இதெல்லாம் அமெரிக்கா. வேறு நாடுகளில்? புனைபெயரில் எழுதினால்?

#18 சட்டக்கிறுக்கன்

புனைபெயரை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் புனைபெயரில் ட்விட்டரில் துறையின் கொள்கையை விமர்சித்து வந்தார். யாரென்று கண்டுபிடித்து வேலையிலிருந்து நீக்கினார்கள். 2019-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நீக்கியது செல்லும் என்றது. அவர் எழுதியது அரசியல் விமர்சனம், பிள்ளைகள் யாரும் அதில் இல்லை. அதற்கே இந்தக் கதி. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, அது வேறு விஷயம்.

இந்தியாவில் அரசு வேலைக்குப் போனதால் ஒருவருடைய அடிப்படை உரிமை அற்றுப்போவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. பேச்சுரிமைக்கு எந்தெந்தக் காரணத்துக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்ற பட்டியல் அரசியல் சட்டத்தின் 19(2)-இல் இருக்கிறது. அவதூறு அதில் உண்டு, பொது ஒழுங்கு உண்டு. நிறுவனத்தின் நற்பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனியே உண்டு, துறை நடவடிக்கை அதன் வழியாகத்தான் வரும்.

தனியார் பள்ளி என்றால் கதையே வேறு. அமெரிக்காவில் பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. தனியார் நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். மற்ற பல இடங்களிலும் நிலைமை இதற்குப் பக்கத்தில்தான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் பின்பக்கத்தை யாராவது படித்திருக்கிறீர்களா?

விடைத்தாளைப் படமெடுத்துப் போடுவது இதிலெல்லாம் சேராது. அது அபிப்பிராயம் இல்லை, மாணவனின் ஆவணம். அமெரிக்காவில் மாணவர் ஆவணங்களைக் காக்க 1974-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. பேச்சுரிமை என்ற வாதத்தை அங்கே நான் வைக்கவே மாட்டேன்.

#19 சாக்பீஸ்துண்டு

படத்தைப் போட்டது தப்பு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மெமோவில் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறதா, பள்ளியின் பெயர் கெட்டதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல நிர்வாகங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும். பையனிடம் யாராவது போய்ப் பேசினார்களா?

#20 கரும்பலகை

மெமோவை இப்போதுதான் கேட்டு வாங்கிப் படித்தேன். "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்" என்று மூன்று இடத்தில் வருகிறது. மாணவன் என்ற சொல் ஒரே இடத்தில். பையனிடம் இதுவரை யாரும் பேசவில்லை. அவன் வகுப்புக்கு நான் எடுப்பதில்லை, இருந்தாலும் நாளை பார்க்கிறேன்.

#21 அம்மாவும்டீச்சரும்

அந்த ஆசிரியையும் கூடப் போகட்டும். விளக்கக் கடிதத்தைவிட அது முக்கியம்.

எழுதவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பறையைப் பற்றி ஆசிரியர்கள் எழுதாவிட்டால், வகுப்பறைக்குள் கால் வைக்காதவர்கள்தான் எழுதுவார்கள். நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான்: இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளை அதைப் படித்துவிட்டு, இது நான்தான் என்று சொல்ல முடியுமானால் போடுவதில்லை. நல்லதாக இருந்தாலும் போடுவதில்லை. ஏழைப் பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன் என்று படத்தோடு போடுகிறார்களே, அதுவும் எனக்கு இதே ரகம்தான்.

#22 கடைசிபெஞ்ச்

செருப்புப் படத்துக்கு ஆயிரம் லைக் வரும், மெமோ வராது. பள்ளியின் பக்கத்திலேயே ஷேர் பண்ணுவார்கள்.

#23 மூணாம்பீரியட்

அது நிஜம். எங்க பள்ளிப் பக்கத்துல பாதி அதுதான்.

சரி, கடைசியா ஒரு நடைமுறைக் கேள்வி. என் பழைய பதிவுகள்ல நாலஞ்சு இந்த மாதிரி இருக்கு, பேர் இல்லாம. இப்பவே எல்லாத்தையும் அழிச்சிரலாமா?

#24 சட்டக்கிறுக்கன்

புகார் எதுவும் வராத நிலையில் தாராளமாக நீக்கலாம். விசாரணை தொடங்கிவிட்டது, அல்லது தொடங்கப்போகிறது என்று தெரிந்த பிறகு அழித்தால் ஆதாரத்தை மறைத்தார் என்று அதையே தனிக் குற்றச்சாட்டாக வைப்பார்கள். அந்த நிலையில் பொதுவில் தெரியாதபடி பூட்டி வைத்துவிட்டு, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, வழக்கறிஞரையோ சங்கத்தையோ பார்ப்பதுதான் முறை. கரும்பலகையின் தோழி இரண்டாவது வகை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகப் போயிருக்கும், ஆனால் ஸ்க்ரீன்ஷாட் அந்த அப்பாவிடம் இருக்கிறது. என்ன போட்டோம் என்று மறைக்காமல் சொல்வதுதான் அவருக்கு நல்லது.

#25 கரும்பலகை

சொல்லிவிடுகிறேன். விளக்கக் கடிதத்தில் அந்த வகுப்பில் எத்தனை பேர் எழுத்துக்கூட்டத் திணறுகிறார்கள் என்ற பட்டியலையும் இணைக்கலாம் என்று அவர் கேட்கிறார், பெயர் இல்லாமல், வெறும் எண்ணிக்கையாக. சட்டக்கிறுக்கன் சார், அது பிக்கரிங் பக்கமா, 2006 தீர்ப்பின் பக்கமா?

#26 சட்டக்கிறுக்கன்

நிர்வாகத்துக்கு எழுதும் அலுவல் கடிதம் என்பதால் 2006 பக்கம்தான், பாதுகாப்பு கிடையாது. ஆனாலும் இணைக்கச் சொல்லுங்கள். கோப்பில் ஏறிவிட்டால் பிறகு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.